கல்லூரி நீச்சல் பயிற்சியாளர்களோடு பேசிய அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பாணியில் நீந்துகிறாள். டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவு) பயிற்சியாளர்கள், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15-லிருந்துதான் கல்லூரி அணிக்குச் சேர்ப்பது பற்றி மாணவர்களோடு பேசலாம் என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் விதி. அந்தத் தேதி தாண்டியும் பலரிடமிருந்து பதில் இல்லை. வந்த சில பதில்களும் “புதிய நேரங்களை அனுப்பிக்கொண்டிரு” என்ற ஒற்றை வரிதான். இது ஆர்வமா, நாசூக்கான மறுப்பா?

மின்னஞ்சல்களை அவளே எழுதுகிறாள், அதுதான் முறை என்று நினைக்கிறேன். பள்ளி முடிக்கும் ஆண்டு, நீந்தும் பிரிவு, 100 கெஜ நேரம் மூன்றையும் தலைப்பிலேயே போடுகிறாள். பதில் வராதவர்களுக்கு எத்தனை நாள் விட்டு மறுபடி எழுதலாம்?

அப்புறம், போனில் பேசும்போது உதவித்தொகையைப் பற்றி யார், எப்போது கேட்பது? டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கே பயிற்சியாளரின் சிபாரிசு சேர்க்கையில் எவ்வளவு எடுபடும்? பிள்ளைகளை இந்த வழியில் அனுப்பியவர்கள், நீச்சல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தயவுசெய்து சொல்லுங்கள்.