இத்தாலியில புதுசா வந்தவங்களுக்கு: நேரா கேளுங்க, அது மரியாதைக் குறைவு இல்ல

படிக்கவோ வேலைக்கோ இத்தாலி வந்த நம்ம ஆட்கள் நிறைய பேர் கடையில வாயே திறக்காம விரல் நீட்டிப் பொருள் வாங்குறாங்க. மொழி தெரியாதது பாதிக் காரணம்தான். மீதி, 'இப்படிக் கேட்டா தப்பா நினைப்பாங்களோ'ங்கற பயம். ஆங்கிலத்துல பழகின "உங்களால முடியுமானா, தயவு செஞ்சு எனக்கு..."ங்கற நீட்டல மனசுல வச்சு அதுக்கு ஈடான இத்தாலிய வாக்கியத்தைத் தேடாதீங்க. நம்ம ஊர்ல "அண்ணே, ரெண்டு டீ குடுங்க"ன்னு கேட்போமே, இங்க பேச்சு அதுக்குத்தான் பக்கம்.

காஃபி பார்ல "மி ஃபா உன் கஃப்பே?" (எனக்கு ஒரு காஃபி போடுறீங்களா) போதும். "உன் கஃப்பே, க்ராத்ஸியே"ன்னு முடிச்சாலும் சரி. தயவு செஞ்சுங்கற இடத்துல நன்றி சொல்றது இங்க சாதாரணம். ஆனா உள்ள நுழைஞ்சதும் "புவோன்ஜோர்னோ" சொல்லாம இருக்காதீங்க. மரியாதை முதல்ல அந்த வணக்கத்துல இருக்கு. ரயில் நிலையம் மாதிரி கூட்டமான இடங்கள்ல பெரும்பாலும் முதல்ல கல்லாவுல காசு கட்டி, ரசீதைக் கவுண்டர்ல காட்டணும்.

சீஸ், இறைச்சி எல்லாம் எத்தோ கணக்கு. ஒரு எத்தோ 100 கிராம். "மி தா துவே எத்தி தி ஃபொந்தினா?"ன்னா 200 கிராம் ஃபொந்தினா சீஸ். அந்தத் 'தா'வை 'தர்மம்'ல வர்ற மாதிரி அழுத்திச் சொல்லணும். "ஆல்த்ரோ?"ன்னு கேட்டா, வேற ஏதாவது வேணுமான்னு அர்த்தம். "பஸ்தா கொஸீ, க்ராத்ஸியே"ன்னு முடிச்சுக்கலாம். "வொர்ரேய்"னு (எனக்கு வேணும்னு பணிவா சொல்றது) ஆரம்பிக்கறது எப்பவும் பாதுகாப்பு. "வோல்யோ" (எனக்கு வேணும்) மட்டும் வேண்டாம். அடம் பிடிக்கற குழந்தை பேச்சா கேட்கும்.

இனி உண்மையிலேயே உழைக்க வேண்டிய இடம். நமக்கு நீ, நீங்க மாதிரி இவங்களுக்கு தூ, லேய். நண்பன்கிட்ட "ஸ்கூஸா" (மன்னிச்சுக்கோ), "அஸ்பெத்தா" (பொறு), "தம்மி" (எனக்குக் குடு). தெரியாதவங்க, வயசானவங்க, அதிகாரிகிட்ட "ஸ்கூஸி", "அஸ்பெத்தி", "மி தீயா". இதுல முதல் ரெண்டு வினைகள்ல ஆ-ன்னு முடிஞ்சா நீ, இ-ன்னு முடிஞ்சா நீங்க. ஆனா 'குடுங்க'ங்கற மூணாவது வினையிலயும், 'நான் சொல்றதைக் கேளுங்க'ங்கற வினையிலயும் இது தலைகீழ்: நண்பனுக்கு "சென்தி", பெரியவங்களுக்கு "சென்தா". விதியா மனப்பாடம் பண்ணாம ஜோடி ஜோடியா வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்க. ஆபீஸ்ல சக ஊழியர்களுக்குள்ள பெரும்பாலும் தூதான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு, அவங்களே வேண்டாம்னு சொல்ற வரைக்கும், லேய்.

டாக்டர் அறையில வரிசைன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியாது. "கி ஏ லுல்திமோ?"ன்னு, கடைசி ஆள் யார்னு கேட்டுட்டு உட்காருங்க. கேட்காம உட்கார்ந்தா நம்ம முறை போயிடும். மருந்துச் சீட்டு வேணும்னா "மி செர்வே லா ரிச்செத்தா".

அரசாங்க அலுவலகக் காரியங்கள்ல இந்தப் பேச்சு ரொம்ப உதவும். நீண்டகால விசாவுல வந்தவங்க 8 வேலை நாளுக்குள்ள வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கணும். படிவத் தொகுப்பு தபால் நிலையத்துல "ஸ்போர்தெல்லோ அமீகோ" கவுண்டர்ல கிடைக்கும். விண்ணப்பத்துக்கு வேண்டிய 16 யூரோ வரி முத்திரை புகையிலைக் கடையில கிடைக்கும். "மி தா உனா மார்கா தா போல்லோ தா சேதிச்சி யூரோ?" இதை வீட்டுலயே சொல்லிப் பார்த்துட்டுப் போங்க. நீண்டகால வசிப்பு அட்டைக்கு ஏ2-ங்கற அடிப்படை இத்தாலிய மொழித் தகுதியும், குடியுரிமைக்கு 2018லிருந்து அதுக்கு அடுத்த நிலையான பி1-ம் கேட்கறாங்க. அரசாங்க வயது வந்தோர் பள்ளியான சி.பி.ஐ.ஏ.வுல ரொம்பக் குறைந்த செலவுல சொல்லித்தராங்க. இப்பவே போய்ச் சேருங்க.

கவுண்டர்ல அவங்க வேகமா பேசினா, சும்மா தலையாட்டிட்டு வந்துடாதீங்க. "புவோ ரிபேதெரே, ப்யூ ப்யானோ?"ன்னு மெதுவா திரும்பச் சொல்லச் சொல்லுங்க. அப்பவும் புரியலைன்னா பேப்பரையும் பேனாவையும் நீட்டி, "மெ லோ ஸ்க்ரீவே, பெர் ஃபவோரே?" எழுதித் தருவாங்க.