தாவுகூற்று: ஜம்ப் ஸ்டேட்மென்டுக்கு ஒரு சொல்

வணக்கம்.

நிரலின் ஓட்டத்தை அடுத்த வரிக்குப் போகவிடாமல் வேறிடத்துக்குத் தாவவைக்கும் கட்டளைதான் ஜம்ப் ஸ்டேட்மென்ட். அதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்டிருக்கும் ‘முறைமீறு கூற்று’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயரே தீர்ப்பு எழுதிவிடுகிறது. சி நிரல்மொழியின் தர ஆவணம் கோடூ (குறித்த இடத்துக்குத் தாவுவது), கன்டினியூ (மடக்கின், அதாவது லூப்பின், அடுத்த சுற்றுக்குப் போவது), பிரேக் (மடக்கைவிட்டு வெளிவருவது), ரிட்டர்ன் (அழைத்த இடத்துக்குத் திரும்புவது) நான்கையும் இந்த ஒரே வகையில்தான் சேர்க்கிறது. ரிட்டர்னை முறைமீறல் என்று மாணவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

1968இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா சாடியது கோடூவைத்தான். ஓடும் நிரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது எழுதியதைப் படித்தாலே விளங்க வேண்டும். கண்ட இடத்துக்குத் தாவவிட்டால் அந்தப் பிடி போய்விடும் என்பது அவர் வாதம். அதை நான் முழுதாக ஏற்கிறேன். மேல்நோக்கித் தாவி மடக்கு கட்டும் நிரலைத் திருத்தியவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

ஆனால் கீழ்நோக்கி வெளியேறும் தாவல் வேறு. கோப்பைத் திறந்து, நினைவகம் வாங்கி, மூன்றாம் படியில் பிழை வந்தால், வாங்கியதை நேரெதிர் வரிசையில் விடுவிக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இதற்குக் கோடூதான் வழக்கம். விடுவிக்கும் வரிகள் செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) அடியில் ஒரே இடத்தில் இருக்கும். கோடூவைத் தவிர்க்க இஃபுக்குள் இஃப் என்று நிபந்தனைகளை அடுக்கினால், படிக்கவே மூச்சு வாங்கும். 1974இல் கணினி அறிஞர் நூத் இப்படிப்பட்ட நியாயமான இடங்களை விரிவாகவே எடுத்துக்காட்டினார்.

2014இல் ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் ‘கோடூ ஃபெயில்’ வரி இருமுறை வந்து, கையொப்பச் சரிபார்ப்பே நடக்காமல் போனதைக் கோடூவுக்கு எதிராகச் சிலர் காட்டுகிறார்கள். அங்கே குறை, அடைப்புக்குறி இல்லாத இஃப். அந்த வரியில் ரிட்டர்ன் இருந்திருந்தாலும் இதே கதிதான்.

இனி சொல். ‘தாவல்’ உலாவியின் டேபுக்கு நிலைத்துவிட்டது. ‘பாய்ச்சல்’ என்றால் பாய்வுப்படத்தோடு குழம்பும். ‘தாவுகூற்று’ வினைத்தொகை, ‘ஓடுதளம்’ போல நாக்கில் தடையின்றி வருகிறது, பழியும் சுமத்தவில்லை. அதன்கீழ் கோடூவுக்கு ‘இடந்தாவு’, ரிட்டர்னுக்கு ‘மீள்’, கன்டினியூவுக்கு ‘தொடர்’. பிரேக்குக்கு ‘முறி’ பொருந்தாது. அங்கே எதுவும் முறிவதில்லை, மடக்கைவிட்டு வெளியே வருகிறோம். ‘வெளியேறு’ போதும்.

ஒன்றுதான் பாக்கி. ஜாவா, கோடூ என்ற சொல்லை ஒதுக்கிவைத்துப் பயன்படுத்தாமல் விட்ட மொழி. மடக்குக்குள் மடக்கிலிருந்து ஒரேயடியாக வெளிவர, சிட்டை (லேபிள்) ஒட்டிய பிரேக் தருகிறது. ‘சிட்டைவழி வெளியேறு’ எனக்கே நீளமாகப் படுகிறது. சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?