புதுப்பிப்பு: கிளமிடோமோனாஸ், பிரெஃபெல்டின் ஏ, நொதிச் சுரப்பு – விடை கிடைத்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கந்தகம் இல்லாத ஊடகத்தில் வளரும் கிளமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பச்சைப் பாசியில், செல்லின் சுரப்புப் பாதையை அடைக்கும் பிரெஃபெல்டின் ஏ என்ற மருந்தைப் போட்டால், கந்தகப் பஞ்சத்தில் அது வெளிவிடும் அரைல்சல்ஃபடேஸ் நொதியின் சுரப்பு நிற்குமா? மருந்தே போடாத குடுவையிலும் ஊடகத்தில் நொதி அகப்படாததால் வேலை அங்கேயே நின்றிருந்தது.

கைகொடுத்தது, செல்சுவர் குறைபாடுள்ள சிடபிள்யூ15 ரகத்துக்கு மாறச் சொன்ன பதில். சாதாரண ரகத்தில் நொதி சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. புது ரகத்தில், மருந்தில்லாமல் அதைக் கரைக்கும் மெத்தனால் மட்டும் சேர்த்த குழாய், நொதி இருந்தால் மஞ்சளாகும் பாரா-நைட்ரோஃபீனைல் சல்ஃபேட் சோதனையில் பளிச்சென்று மஞ்சளானது. பிரெஃபெல்டின் குழாய் வெளிறியே கிடந்தது. அந்தச் செல்களை உடைத்தால் உள்ளே நல்ல மஞ்சள்! ஆக, உற்பத்தி நிற்கவில்லை, கோல்கை (புரதங்களை வெளியே அனுப்பும் செல் உறுப்பு) வழிப் பாதைதான் அடைபட்டிருக்கிறது. புரத உற்பத்தியையே நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு போட்டதில் உள்ளேயும் வெளியேயும் நிறம் ஏறவில்லை. இந்த ஒப்பீடு இல்லாமல் முடிவு சொல்லவே கூடாது என்பேன்.

எதிர்பாராதது: பிரெஃபெல்டினில் கசையிழைகள் (செல் நீந்த உதவும் வால் போன்ற இழைகள்) குட்டையாகிவிட்டன. அவற்றின் சவ்வுப் புரதங்களும் அதே பாதையில்தானே வருகின்றன. கழுவியதும் மறுபடி வளர்ந்தன. நீந்தவில்லை என்று குடுவையைக் கொட்டிவிடாதீர்கள்.

மோனென்சின் மருந்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னவருக்கு: அது கோல்கைத் தட்டுகளை வீங்க வைப்பது, இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.