பல்லுக்குத்து வந்தால் என்ன செய்யிறியள்? வன்னி ஆக்கள் அனுபவத்தைச் சொல்லுங்கோ

விசுவமடுவான்:
மச்சான்ர மகன் மேசனுக்குக் கையாளாப் போறவன். கீழ்க் கடைவாய்ப்பல்லு சூத்தை, கன காலமாக் கராம்பும் பனடோலும்தான் வைத்தியம். போன கிழமை ஒரு பின்னேரம் வேலையால வரேக்க கன்னம் வீங்கி, வாய் முழுசாத் திறக்க ஏலாமல் நிண்டான். ஆஸ்பத்திரியில பல்லுக் கிளினிக் காலமையோட சரி. பாமசிக்குக் கூட்டிக்கொண்டு போய் அமொக்சிசிலின் எண்ட நுண்ணுயிர்க்கொல்லி கேட்டன். "டொக்டர் எழுதின துண்டு இருக்கோ?" இல்லையெண்டதும் அடுத்த ஆளைப் பாக்கத் தொடங்கிட்டார்.

மற்றப் பாமசியில நடந்ததுதான் எனக்குத் தாங்கேலாமல் போனது. பொடியன்ர சேட்டெல்லாம் சீமெந்து, ரெண்டு இரவு நித்திரை இல்லாமல் கண் சிவந்து கிடக்கு, வாய் திறக்காததால கதையும் குழறுது. "நோவுக்கு நல்ல குளிசை ஏதும்..." எண்டு துவங்க முன்னமே, "தம்பி, அந்தக் குளிசை எல்லாம் எங்கட்ட இல்லை" எண்டினம். எந்தக் குளிசை எண்டு அவன் இன்னும் சொல்லவே இல்லை! போதைக்குப் பிரிகபலின் தேடித் திரியிற கூட்டத்தில இவனையும் சேர்த்துப்போட்டினம்.

அடுத்த நாள் வேலையை விட்டிட்டு விடியவே போய் நம்பர் எடுத்து டொக்டரைக் கண்டான். அவ நல்ல மாதிரி. சீழ் கட்டின இடத்தில விறைப்பு ஊசி ஒழுங்காப் பிடிக்காது, அஞ்சு நாள் குளிசை போட்டிட்டு வாரும், கழட்டுவம் எண்டவ. ஒரு சதம் செலவில்லை. ஆனா கழட்டிறதுக்கு இன்னொரு நாட்கூலி போகும். மேசன் அதுக்குள்ள வேற ஆளைப் பிடிச்சிட்டார்.

துண்டு கேக்கிறது பிழையெண்டு நான் சொல்ல வரேல்லை. சட்டம் பின்னேரமும் முழிச்சிருக்கு, துண்டு எழுதிற ஆள் மத்தியானத்தோட போயிடுறார். என்ர கோவம் அதிலதான்.

மல்லாவிக் கிழவன்:
தம்பி, துண்டு இருந்தும் மருந்து இல்லாத காலத்தையும் நாங்கள் பாத்தனாங்கள். 1990இல பொருளாதாரத் தடை வந்தாப் பிறகு பெற்றோல், சீமெந்து, பற்றரி வரிசையில மருந்துக்கும் கட்டுப்பாடு. வன்னிக்குள்ள மருந்து வாறதெண்டால் பாதுகாப்பு அமைச்சின்ர அனுமதி வேணும். கேக்கிறது ஒண்டு, வாறது ஒண்டு. விறைப்பு மருந்து வந்தாலும் காயக்காரருக்குத்தான் முதலிடம், அது நியாயம்தானே. பல்லுக்குத்தால ஆர் சாகப்போறான் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தம்.

ஆமியின்ர ஜெயசிக்குறு சண்டை நேரம் என்ர மேல்வாய்ப் பல்லு கழட்டினது. கழட்டினவர் அரை ஊசிதான் போட்டார், "மிச்சம் அடுத்த ஆளுக்கு" எண்டு முகத்துக்கு நேராச் சொல்லிப்போட்டார். என்ர முறை வரமுதல் பக்கத்து வாங்கில இருந்த மனுசி எழும்பி வீட்ட போட்டா. நான் வாங்குக் காலைப் பிடிச்ச பிடியில நகம் பிஞ்சது. 2002இல சமாதானம் வந்து ஏ9 றோட்டுத் திறந்த கையோட சனம் வவுனியாவுக்கு ஓடினதில பல்லுக் கட்டப் போன ஆக்களும் கனபேர். என்ர மனுசியும் ஒராள்.

புதுக்குடியிருப்புத் தங்கச்சி:
நான் காமன்ற்ஸில வேலை. ஒருநாள் லீவு போட்டால் அந்த நாள் சம்பளத்தோட வரவுக் கொடுப்பனவும் வெட்டு. அதால லைனில ஆருக்கும் பல்லுக்குத்து வந்தால் முதலில கான்ட்பாக்தான் திறக்கிறது. ஒராளிட்ட மிஞ்சின ரெண்டு கப்சூல், இன்னொராளிட்ட ஒரு கார்ட் டைக்ளோபெனாக் நோக்குளிசை. எனக்கும் அப்பிடித்தான் வீக்கம் வத்தினது, பிறகு மாரியில திரும்பி வந்திட்டுது. டெங்குக் காலத்தில டைக்ளோபெனாக் போடக்கூடாதெண்டு அக்கா பேசினவ.

என்ர மகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பள்ளிக்கூடப் பல்லுக் கிளினிக்கில அடைச்சு விடுகினம். தாய்மாருக்கும் அப்பிடி ஒண்டு பக்டரிக்குக் கிட்ட இருந்தால் என்ன குறைஞ்சிடும்?

வவுனியாப் பாமசிக்காரன்:
மற்றப் பக்கத்தையும் கேளுங்கோ. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் இருக்கு. நுண்ணுயிர்க்கொல்லி துண்டில்லாமல் குடுத்துப் பிடிபட்டால் லைசன்ஸ் போச்சு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ரெண்டு கப்சூல் போட வீக்கம் வத்தும், பல்லு அப்பிடியேதான் இருக்கும். தங்கச்சி, உங்களுக்குத் திரும்பி வந்ததுக்குக் காரணம் அதுதான். சீழின்ர மூலம் பல்லுக்குள்ள, அதைக் கழட்டவேணும் இல்லாட்டி வேர்ச்சிகிச்சை செய்யவேணும்.

விசுவமடு அண்ணைக்கு: அந்தப் பாமசியில கதைச்ச விதம் சரியில்லைத்தான். ஆனா நோக்குளிசை கேட்டு வாற பொடியளில ஆர் உண்மையான நோக்காரன் எண்டு கவுண்டருக்குப் பின்னால நிண்டு பிரிக்கிறது லேசில்லை. நான் வாயைத் திறந்து காட்டச் சொல்லுவன், வீக்கத்தைக் கையால மறைக்க ஏலாதே. தாடைக்குக் கீழ, கழுத்துப் பக்கம் வீங்கினால், எச்சில் விழுங்கக் கஷ்டமெண்டால், காய்ச்சலும் சேந்தால், கிளினிக் நேரம் பாக்காதேங்கோ. இரவெண்டாலும் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கோ, மூச்சுக்குழாயை அடைக்கிற வீக்கம் அது. அங்க நம்பரும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

பொடியனுக்கு மெற்றோனிடசோல் எண்ட நுண்ணுயிர்க்கொல்லியும் தந்தவையோ? அதோட கள்ளு, சாராயம் வாயில வைக்கக்கூடாது. சத்தியும் நெஞ்சுப் படபடப்பும் வரும்.

விசுவமடுவான்:
தந்தவை. அவன் வெள்ளியெண்டால் தவறணைப் பக்கம் போறவன், இப்பவே கோல் எடுத்துச் சொல்லுறன். தங்கச்சி, பக்டரியில ஆரிட்டயாவது கேட்டுப் பாத்தனியளோ?

புதுக்குடியிருப்புத் தங்கச்சி:
கேட்டனாங்கள் அண்ணை. மேலிடத்துக்கு எழுதித் தாங்கோ எண்டினம். பெட்டையள் கையெழுத்து வைக்கினம், இன்னும் குடுக்கேல்லை.