தண்டையார்பேட்டையிலிருந்து கிளாம்பாக்கம்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மே விடுமுறைக்குத் தென்காசியில் அத்தை வீட்டுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறோம். பொதிகை எக்ஸ்பிரஸில் 60 நாள்களுக்கு முன்பு முன்பதிவு திறந்த அன்றே காத்திருப்போர் பட்டியல்தான், அதனால் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து பஸ்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி விமான நிலையம் போய், அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடிப்பதா? கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்குவதா? முழங்கால் வலியுள்ள அம்மா, இரண்டு வால்கள், நான்கு பெட்டிகள், அதுவும் வெள்ளிக்கிழமை மாலை. ஆட்டோ யோசனை வேண்டாம். கேட்கிற காசுக்குத் தென்காசிக்கே போய்விடலாம். மாதவரத்திலிருந்து நேரடி பஸ் இருந்தால் சொல்லுங்கள், கோடி புண்ணியம்.

இன்னொன்று. விசைப்படகுகளுக்கு ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் அத்தை மீன் பேச்சை எடுக்கவில்லை. காசிமேட்டு நெத்திலிக் கருவாடு கேட்டிருக்கிறார். பஸ் முழுக்க மணக்காமல் அதை எப்படிக் கட்டுவது?