பழைய தேக்குச் சன்னல்கள்: புதுப்பிப்பு

மதுரையில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மேற்குப் பக்கத் தேக்குச் சன்னல்களை அகற்றிவிட்டு யுபிவிசி (ஒருவகைக் கெட்டியான பிளாஸ்டிக்) சன்னல்கள் பொருத்தினால் ஏசி செலவு குறையுமா என்று மார்ச் மாதத்தில் இங்கே கேட்டிருந்தேன். முதலில் இடுக்குகளை அடைத்துப் பாருங்கள் என்று பலரும் சொன்னதை ஏற்று, கோடை முடிந்தபின் இதை எழுதுகிறேன்.

காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூடிய சன்னலருகே ஊதுபத்தியைப் பிடித்தபோது, இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில்தான் புகை மிக அதிகமாக அலைந்தது. அங்கே நான் ஒட்டிய தடித்த ஸ்பாஞ்சு நாடா முற்றிலும் தவறான தேர்வு. கதவு சரியாக மூடவில்லை, மேற்கு வெயிலில் ஒரே மாதத்தில் பசையும் விட்டுப்போனது. பின்னர் ஆசாரி கதவின் ஓரங்களை இழைத்துச் சரிசெய்து, சன்னல் நிலைச்சட்டத்தில் மெல்லிய ரப்பர் பட்டையைப் பொருத்தி, ஆடிய கண்ணாடிகளுக்குப் புதிதாக மக்கு (புட்டி) வைத்தார்.

ஆயினும் பெரிய மாற்றத்தைத் தந்தது, நான் அலட்சியமாக நினைத்த மூங்கில் தட்டிதான். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகே தடுக்கப்படுகிறது. சன்னலுக்கு வெளியே தொங்கும் தட்டியோ கண்ணாடி சூடேறுவதற்கு முன்பே வெயிலை மறித்துவிடுகிறது. இப்போது ஏசியை 26 டிகிரியில் வைத்தாலே போதுமானதாக இருக்கிறது.

இரண்டு மாத மின் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளின் கட்டணமும் சேர்ந்து ஏறிவிடும் என்பதால், அந்த எல்லைக்குள் நின்றதே எங்களுக்குக் கிடைத்த உண்மையான சேமிப்பு. யுபிவிசி யோசனையைக் கைவிட்டுவிட்டோம். சமையலறைச் சன்னலை மட்டும், எரிவாயு அடுப்பு இருப்பதால், வேண்டுமென்றே அடைக்காமல் விட்டிருக்கிறேன்.