புதுப்பிப்பு: விபிஎன் நீக்கியபின் நெட் வராத பிரச்சினை தீர்ந்தது

குமுளி ஏலக்காய்க் கடையிலிருந்து போடி ஆபீஸ் கணினிக்குப் போக வைத்திருந்த பழைய விபிஎன் (இணையம் வழியே இரண்டு இடங்களை இணைக்கும் தனிப்பாதை) மென்பொருளை நீக்கியதும், வைஃபை இருந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அது சரியாகிவிட்டது.

கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தால் பதில் வந்தது. தளத்தின் பெயரைப் போட்டால்தான் வரவில்லை. அப்படியானால் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில். விண்டோஸில் வைஃபை அடாப்டரின் ஐபிவி4 (இணைய முகவரி) அமைப்பைத் திறந்தால், பழைய விபிஎன்னின் டனலுக்குள் (அந்தத் தனிப்பாதைக்குள்) மட்டுமே கிடைக்கும் 10.8.0.1 டிஎன்எஸ் முகவரியாக அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது. தானாகப் பெறும்படி மாற்றினேன், உடனே எல்லாம் திறந்தது.

அதோடு விடாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களையும் காட்டச் சொல்லி, நெட்வொர்க் அடாப்டர்களில் பாருங்கள். எனக்கு பழைய விபிஎன் போட்டிருந்த டாப் (TAP) என்ற மெய்நிகர் அடாப்டர் மங்கலாகக் கிடந்தது. டிரைவரோடு சேர்த்து நீக்கினேன். வேறு விபிஎன் அதே டிரைவரைப் பயன்படுத்தினால் மட்டும் கை வைக்காதீர்கள். முந்தைய பதிவுக்குப் பதிலாக நெட்வொர்க் ரீசெட் அடிக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. ஆனால் அது எல்லா அடாப்டரையும் கழற்றி மறுபடி போடும், கடைசி வழியாகவே வைக்கலாம்.

அப்புறம், இப்போது வயர்கார்டு என்ற வேறொரு விபிஎன் போட்டிருக்கிறேன். போடி ரவுட்டரில் அது பயன்படுத்தும் யுடிபி 51820 போர்ட்டை ஆபீஸ் கணினிக்குத் திருப்பிவிட்டேன். டனலை நிறுத்தியதும் அதன் அடாப்டரும் போய்விடுகிறது. புற்றடி ஏலக்காய் ஏலம் நடக்கும்போதே போடியில் கணக்கு ஏறுகிறது, பெரிய நிம்மதி.